கூடுமிடம்

மரிஞ்ஞா கிராண்டியில் நவம்பர் மழை.
தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்தில்
கணினியின் விசிறி கேட்கவில்லை.
திரையில் ஒரு கைவளையம்,
முழங்கை ஊன்றுகோலின் மேல்முனை,
இன்னும் பிறக்காதது.
அதை மூன்று லட்சத்துப் பதினாறாயிரம்
நான்முகிகளாக நறுக்கி வைத்திருக்கிறேன்.

மேசையில் அதன் அண்ணன்,
உடைந்து கிடக்கிறது.
பெனிஷே மீன் ஏலக்கூடத்தின் ஈரத் தரையில்
பெல்மீரோ என்றொருவர்
எண்பத்தெட்டு கிலோவையும் நம்பிச் சாய்த்தபோது
பட்டென்று கைவிட்டது.
மணிக்கட்டு முறிந்தது என்று கடிதத்தில் ஒரு வரி.
அடுத்த வரி:
புதிய வடிவம் பழைய விலைக்கே கிடைக்குமா?

முறிந்த விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.
பிய்ந்த நார் இல்லை, பிசிறு இல்லை.
யாரோ முன்கூட்டியே மடித்துவைத்த
காகிதம்போல் நேர்கோடு.

கண்ணாடி இழை கலந்த நைலான்,
இருநூற்றெண்பது பாகையில் உள்ளே பாய்கிறது.
வார்ப்பட்டைக்கென விட்ட துளையில் முட்டி
இரண்டாகப் பிரிகிறது.
சுற்றிவந்து மறுபுறம் சந்திக்கும்போது
இரண்டுக்கும் முகம் ஆறியிருக்கிறது.
ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு கைகுலுக்கல்.
இழைகளோ கோட்டோரம் வரிசையாகப் படுத்துக்கொள்கின்றன;
எல்லை தாண்டுவது ஒன்றுகூட இல்லை.

அச்சுக்குள் இரண்டு விநாடியில் முடிவதை
இந்த இயந்திரம் நாலு மணி நேரம் யோசிக்கிறது.

நுழைவாயை அடிப்பக்கம் மாற்றினேன்:
கோடு நகர்ந்தது, நுனியில் காற்று சிக்கிக் கருகியது.
இரண்டு வாய் வைத்தேன்:
கோடுகள் கூடின.
அச்சின் சூட்டை ஏற்றினேன்:
கோடு மங்கியது,
முப்பத்தொரு விநாடிச் சுற்று நாற்பத்துநாலு ஆனது.
எவரிஸ்டோ தொலைபேசியில் சிரித்தான்.
"துளையை அடைத்துவிடு இதாலினா,
ஓட்டை உள்ள எதற்கும் தழும்பு உண்டு."
இரும்பை வெட்டுகிறவனுக்கு எல்லாம் எளிது.

சரி, அழியாது.
எங்கே வைப்பது?
சுமை கீழ்நோக்கி இறங்கும் என்று எழுதி
பின்விளிம்பில் வைத்தேன்.
சிவப்பு எங்கும் இல்லை; திரை முழுக்கப் பச்சை.
எனக்கே என்மேல் மதிப்பு கூடியது.

இரவு ஒன்றரை.
கால் மரத்துப்போக, மாதிரி ஊன்றுகோலை மாட்டிக்கொண்டு
நடைக்கூடத்தில் நொண்டிப் பார்த்தேன்.
தரை துடைத்துக்கொண்டிருந்த ஃபெலிஸ்மினா
வாளியை நகர்த்தி வழிவிட்டாள்.
"நடப்பதா கஷ்டம்?
முட்டி அறுவைக்குப் பின் ஐந்து மாதம் இதோடுதான் இருந்தேன்.
கழிப்பறையிலிருந்து எழுந்து பாருங்கள்."
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
இல்லாத இருக்கையில் உட்கார்ந்து எழுந்து காட்டினாள்.
முழங்கை பின்னால் போய்
வளையத்தின் பின்விளிம்பை
முழு உடம்போடு நெம்பியது.

அங்கேதான் வைத்திருந்தேன்.

திரும்ப வந்து
சுமைக்கு இன்னொரு அம்புக்குறி வரைந்தேன்.
பச்சை சிவந்தது.
இடப்பக்கச் சுவரில் பத்தில் நாலு மில்லிமீட்டர் சுரண்டினேன்.
ஒரு கிளை சற்றுத் தயங்க,
மற்றது முந்த,
கோடு மெல்ல முன்னால் நடந்துவந்து
யாரும் எதையும் ஊன்றாத உதட்டில் நின்றது.
அப்போது மழை விட்டிருந்ததா என்று நினைவில்லை.

பிப்ரவரியில் முதல் வார்ப்பு.
எவரிஸ்டோ பாதியில் நிறுத்தி நிறுத்தி எடுத்த
அரைகுறை வளையங்களை வரிசையாக அடுக்கினான்:
வளர்பிறைகள்.
திரையில் கண்ட அதே கரைகள்,
ஏறக்குறைய.
வளைவு மட்டும் நான் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம்;
அதை அவன் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான்.

நேற்று வாடிக்கையாளரிடமிருந்து படத்துடன் மடல்:
முன்பக்கம் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிகிறது,
அசிங்கமாக இருக்கிறது, பின்னால் தள்ள முடியுமா?

முடியும் என்று தட்டினேன்.
அழித்தேன்.
ஃபெலிஸ்மினா உட்கார்ந்து எழுவதை
எந்தக் கோப்பில் இணைத்து அனுப்புவது?